மலைப்பாதையில் சைக்கிளில் கூட்டமாக 120 கிலோமீட்டர்: கணக்கை உயரத்தில் போடுங்கள்

"120 கிலோமீட்டர்தானே, சமதளத்தில் நாலரை மணி நேரத்தில் முடிக்கிறோமே" என்று கிளம்பும் குழுதான் கடைசி இறக்கத்தில் இருட்டில் மாட்டிக்கொள்ளும். மலையில் தூரத்துக்குப் பெரிய மதிப்பில்லை. மொத்தமாக எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கும்.

120 கி.மீ., மொத்த ஏற்றம் 2000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சரிவு சராசரியாக 6 சதவீதம் என்றால் ஏறுவது சுமார் 33 கி.மீ., இறங்குவதும் அவ்வளவே, மிச்சம் 54 கி.மீ. சமதளம். ஓரளவு பழகியவர் ஒரு மணி நேரத்தில் 600 மீட்டர் உயரம் ஏறுவார். ஆக, ஏற்றத்துக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம். இறக்கத்துக்கு ஒரு மணி, சமதளத்துக்கு இரண்டு மணி. நிறுத்தங்களுக்கு ஒன்றரை மணி சேர்த்தால் எட்டு மணி நேரத்தை நெருங்கிவிடும். அதே குழுவில் மணிக்கு 450 மீட்டர் ஏறுபவர் ஒருவர் இருந்தால் ஏற்றத்தில் மட்டும் இன்னும் 67 நிமிடம் கூடும். புறப்படும் நேரத்தை அவருடைய எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய பயணப் பதிவில் அரை மணி நேரத்துக்குக் குறையாத ஓர் ஏற்றத்தை எடுத்து, ஏறிய உயரத்தை நேரத்தால் வகுத்தால் போதும். ஐந்து நிமிட மேட்டை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாரும் சூரர்களாகத்தான் தெரிவார்கள்.

அடுத்து கியர். முன்பக்கம் 50, 34 பல் உள்ள இரண்டு பல்சக்கரங்கள் (50/34), பின்பக்கம் 11 முதல் 34 பல் வரையிலான பல்சக்கர அடுக்கு (11-34 கேசட்) இருந்தால், மிக லேசான கடைசி கியரில் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரமும் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 70 முறை மிதித்தால் வேகம் மணிக்கு 9 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 8 சதவீதச் சரிவில், ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ என்றால், இதற்குச் சுமார் 175 வாட் வேண்டும். கேசட் 11-28 என்றால் அதே 70 மிதிக்கு 210 வாட் தாண்டிவிடும். அந்த வாட் இல்லாதவர் 55 மிதியில் முக்கி முக்கி ஏறுவார். மூன்றாம் மணியில் முழங்கால் பேச ஆரம்பிக்கும். பெரிய கேசட் மாட்டுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. மாற்றும்போது மட்டும் உங்கள் பின் டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) அத்தனை பெரிய பல்லைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் தவறவிடும் இடம் இது: சமதளத்தில் ஓட்டுபவர் கடைசி கியரைத் தொடுவதே இல்லை. சைக்கிள் எப்போதோ வலப்பக்கமாக விழுந்து ஹேங்கர் (டிரெய்லியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு) லேசாக உள்ளே வளைந்திருந்தாலும் தெரியாது. முதல் செங்குத்தான மேட்டில் கடைசிப் பல்லுக்கு மாற்றியதும் டிரெய்லியர் சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும். பயணத்துக்கு முந்தின நாள் சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக் கடைசிப் பல்லுக்குப் போட்டு, கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே டிரெய்லியரை உள்பக்கமாக விரலால் தள்ளிப் பாருங்கள். கம்பியைத் தொடும் அளவுக்கு வந்தால் முதலில் ஹேங்கரை நிமிர்த்த வேண்டும், பிறகுதான் டிரெய்லியர் உள்பக்கம் எவ்வளவு போகலாம் என்று கட்டுப்படுத்தும் எல் (L) திருகு.

ஏற்றத்தில் கூட்டமாகப் போக முயலவே வேண்டாம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் காற்று பெரிய எதிரி இல்லை, புவியீர்ப்புதான் எதிரி. இன்னொருவர் பின்னால் ஒண்டிப்போவதில் மிச்சமாவது சொற்பம். அவரவர் வேகத்தில் ஏறி, உச்சியில் சாலையை விட்டு இறங்கிக் காத்திருப்பதே சரி. ஆரம்ப சூரத்தனம்தான் இங்கே பெரிய வில்லன்: முதல் பத்து நிமிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு மட்டும் மிதியுங்கள். எழுந்து நின்று மிதிப்பதற்கு முன் ஒரு கியர் கனமாக்கி, பெடல் கீழே போகும் நேரத்தில் எழுங்கள். சும்மா எழுந்தால் சைக்கிள் ஒரு கணம் பின்னுக்கு வரும், பின்னால் வருபவரின் முன்சக்கரம் உங்கள் பின்சக்கரத்தில் உரசும். கீழே விழுவது நீங்கள் இல்லை, அவர்.

உச்சியில் ஒரு அநியாயம் வழக்கமாக நடக்கும். முதலில் வந்தவர்கள் இருபது நிமிடம் ஓய்வெடுத்திருப்பார்கள், கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாமா?" அவருக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஏற்றத்தில் அந்த நேரத்தை இரட்டிப்பாகக் கொடுப்பீர்கள். முதலில் வந்தவர்கள் உட்காரும் முன் காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். வியர்வை ஈரத்தோடு இறங்கினால் விரல் விறைத்துப்போய் பிரேக் பிடிக்க வராது.

சாப்பாட்டுக்குப் பசியை நம்பாதீர்கள். மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, முதல் மணியிலிருந்தே. நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 27 கிராம்தான் இருக்கிறது, ஒன்று போதாது. தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மி.லி., உப்பு கலந்து. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது. அதனால் ஏற்றம் தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே வாயில் போட்டுவிடுங்கள்.

இறக்கத்தில்தான் எலும்பு முறியும். 85 கிலோ எடை 500 மீட்டர் கீழே வரும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 417 கிலோஜூல். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதி முழுக்க பிரேக்கில் சூடாக இறங்கும். பயந்து பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வருபவருக்குத்தான் சூடு அதிகம்: வேகம் குறைவாக இருப்பதால் காற்று வாங்கும் பங்கு குறைகிறது, ஆற வாய்ப்பும் இல்லை. நேரான பகுதியில் பிரேக்கை விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சைக் காற்றுக்குக் கொடுங்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, திரும்பும் முன் விட்டுவிடுங்கள். ரிம் பிரேக் (சக்கர விளிம்பையே அழுத்திப் பிடிக்கும் பிரேக்) உள்ளவர்கள் லேடெக்ஸ் டியூபை மலைக்குக் கொண்டுவர வேண்டாம், சூட்டில் வெடிக்கக்கூடும்.

கைகள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் இருக்கட்டும். அங்கிருந்து பிடித்தால் விரலுக்குப் பிடி பலம் அதிகம், உடல் எடையும் கீழே இறங்கும். கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன் மேல், பார்வை வளைவு முடியும் இடத்தில். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள். 45 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 12.5 மீட்டர் கடக்கிறோம், ஆகவே இருவருக்கு இடையே இரண்டு நொடி, அதாவது 25 மீட்டர் இடைவெளி. ஹேண்டில்பார் திடீரென நடுங்க ஆரம்பித்தால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். சைக்கிள் சட்டத்தின் மேல்குழாயை முழங்கால்களால் நெருக்கிப் பிடித்து மெதுவாக வேகத்தைக் குறையுங்கள்.

உதிரிகள்: ஆளுக்கு இரண்டு டியூப் (ரிம் உயரத்துக்கு வால்வு நீளம் போதுமா என்று பார்க்கவும்), டயர் லீவர், தன் சைக்கிளின் ஹேங்கர். ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் நண்பரிடம் இரவல் கேட்டுப் பயனில்லை. செயின் இணைப்பும் அப்படியே, 11 வேகத்துக்கு (பின்பக்கம் 11 பல்சக்கரம்) உள்ளது 12 வேகத்துக்கு ஆகாது. பம்பும் செயின் கழற்றியும் குழுவுக்கு ஒவ்வொன்று போதும், ஆனால் அவை கடைசியில் வருபவரின் பையில்தான் இருக்க வேண்டும். வேகமாக ஏறுபவரிடம் கொடுத்தால், ஆறு கிலோமீட்டர் கீழே ஒருவர் பஞ்சரோடு நிற்கும்போது பம்ப் உச்சியில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும்.