குருவிக் கதையின் இலக்கம்

ஆசிரியர் வராத பாடவேளை என்றால் ஏழாம் வகுப்பில் ஒருவனுக்குக் கொண்டாட்டம். எழுந்து நின்று தொடங்குவான்: "களஞ்சியத்தில ஒரு ஓட்டை. ஒரு குருவி வந்தது, ஒரு மணியை எடுத்தது, பறந்தது." அப்புறம்? "இன்னொரு குருவி வந்தது, இன்னொரு மணியை எடுத்தது, பறந்தது." அழிறப்பரால் எறிந்தாலும் நிறுத்தமாட்டான். பள்ளி மணி அடிக்கும்வரை குருவிகள் வந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் தமிழ் சேர் வாசலில் நின்று கேட்டுவிட்டார். அடி விழப்போகிறது என்று இருந்தோம். அவரோ கரும்பலகையில் மூன்று சொல் எழுதினார்: தொன்மம், ஐதீகம், நாட்டார் கதை. உலகமும் சாவும் எப்படி வந்தன என்று பக்தியோடு சொல்வது முதலாவது. இன்ன அரசன், இன்ன மலை என்று ஆளும் இடமும் காட்டி நடந்ததாகவே சொல்வது இரண்டாவது. "இவன்ர குருவி மூன்றாவது. சொல்லுறவனும் நம்பேல்லை, நீங்களும் நம்பேல்லை." கதை உண்மையா என்று கேட்காதே, சொல்கிற சனம் அதை எப்படி வைத்திருக்கிறது என்று பார் என்றார். எனக்கு விளங்கவில்லை. தவணைப் பரீட்சையில் மூன்றுமே கட்டுக்கதை என்று எழுதிப் பூச்சியம் வாங்கினேன்.

விளங்கியது 2004 சுனாமிக்குப் பிறகுதான். சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமெயுலுவே தீவில் 1907 பேரலையை 'ஸ்மொங்' என்ற பெயரில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள்: பெரிதாக நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. அன்று ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். அதைப் போய்க் கட்டுக்கதை என்பேனா?

அதன்பின் நூலகத்தில் தேடித் தேடி வாசித்தேன். நாட்டார் கதை ஆய்வாளர் ஆர்னே 1910இல் தொடங்கி, பின்னர் தாம்சன் என்ற ஆய்வாளர் விரித்த கதைவகை அட்டவணையில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் இலக்கம்; சின்ட்ரெல்லாவுக்கு 510ஏ. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனால் 2300, முடிவில்லாக் கதைகள். ஒவ்வொரு தானியமாக எடுத்துப்போகிற கதை அங்கே இருக்கிறது! நூலகம் என்பதை மறந்து சிரித்துவிட்டேன்.

இன்னொன்றும் கண்டேன். நியூகினிக்குப் பக்கத்து டிரோப்ரியண்ட் தீவுகளில், முதல் உலகப்போர்க் காலத்தில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி கேட்ட கதைகளிலும் இதே மூன்று வகை. அதில் பொழுதுபோக்குக் கதைக்கு 'குக்வனேபு' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர். ஊருக்கே தெரிந்தாலும் அவர்தான் சொல்லலாம். அவர் கற்றுக்கொடுத்து அனுமதித்தால் மற்றவரும் சொல்லலாம். எங்கள் வகுப்பிலும் அதே சட்டம்தான். ஒருமுறை நான் குருவியை ஆரம்பிக்க, "அது அவன்ர கதை, நீ இரு" என்று எல்லாரும் கத்தினார்கள்.

போன ஒன்றுகூடலில் அவனைப் பிடித்து, உரிமை தா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான்.

"தாறன். எத்தினையாவது குருவியில விட்டனான் எண்டு முதல்ல சொல்லு."