எம்டனும் எங்கள் வீட்டுப் பத்திரமும்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த முத்திரைத்தாளில் எழுதப்பட்ட 1914 அக்டோபர் மாதத்துக் கிரயப் பத்திரம் ஒன்று, மடிப்புகள் நைந்து, ஓரங்களைப் பூச்சி அரித்த நிலையில் இருக்கிறது. அதற்குச் சில நாட்கள் முன்பு, செப்டம்பர் 22 இரவில், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டுகளை வீசி, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைத் தீக்கிரையாக்கியதால், அஞ்சிய மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அந்நிகழ்வைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. அவசரமாக நடப்பவர் கண்ணில் அது படுவது அரிது. ஜார்ஜ் டவுன் வீட்டைக் குடும்பச் செலவுக்காக விற்றதாகப் பத்திரம் சொல்ல, பூட்டனார் பயந்தே விற்றார் என்கிறார் அத்தை. நான் அத்தையின் கட்சிதான். இருந்தாலும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அக்காலப் பதிவுகளைப் பார்க்க விண்ணப்பித்திருக்கிறேன்.