கடல் பார்க்காத டைவர் வாட்சுகள்

துபாயில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவனுக்கு, கடலில் முங்குபவர்களுக்கென்று செய்த ஒரு டைவர் வாட்ச் கடலுக்குள் போயிருக்கிறதா என்று கேட்கத் தேவையே இல்லை. ஸ்டீல் செயினின் கொக்கியைப் பார்த்தாலே போதும். மடிக்கணினியின் விளிம்பில் உரசி உரசி விழுந்த மெல்லிய கீறல்கள் அங்கே குறுக்கும் நெடுக்குமாக ஓடும். டயலைச் சுற்றியுள்ள சுழல் வளையமான பெசலுக்கு அடியில் குச்சியை விட்டால் உப்பு வராது. சோப்பும் வியர்வையும் கலந்த சாம்பல்நிற அழுக்குதான் வரும்.

1953இல் பிளாங்பேன் ஃபிஃப்டி ஃபாதம்ஸும் ரோலெக்ஸ் சப்மரைனரும் என்ற டைவர் வாட்சுகள் உருவானபோது கதை வேறு. இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று காட்டும் அந்தச் சுழல் வளையத்தை நம்பித்தான் முங்குபவர்கள் உயிரோடு மேலே வந்தார்கள். எண்பதுகளில், ஆழத்தையும் நேரத்தையும் தானே கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. இன்றைய சப்மரைனர் 300 மீட்டர் ஆழம் தாங்கும். பொழுதுபோக்காக முங்குபவர்களுக்கு எல்லை 40 மீட்டர். மிச்சமுள்ள 260 மீட்டருக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறார்கள்?

வெறும் படாடோபம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. படாடோபம்தான் நோக்கம் என்றால் அதே கண்ணாடிப் பெட்டியில் தங்கமும் வைரமும் இருக்கின்றன. ஸ்டீலைக் கேட்பவர், தன்னிடம் பணம் இருக்கிறது என்பதைவிட, தான் எதையும் தாங்குபவர் என்று காட்ட விரும்புகிறார். பிறருக்கு அல்ல, பெரும்பாலும் தனக்கே. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள்" என்று கெஞ்சுவார்கள். கார் கதவில் இடித்த தழும்பை விழுப்புண் போலக் காப்பாற்றுகிறார்கள். முங்கும்போது போடும் ரப்பர் உடைக்கு மேல் கட்டுவதற்காகக் கொக்கியில் வைத்த நீட்டிப்பு வசதி, இங்கே கோடையில் மணிக்கட்டு வீங்கும்போது நன்றாகவே உதவுகிறது.

சில வாட்சுகளில் ஹீலியம் வால்வு என்று ஒன்று உண்டு. எண்ணெய்த் துரப்பண வேலைக்காக ஆழத்தில் இறங்குபவர்கள் ஹீலியம் கலந்த காற்றழுத்த அறையில் நாள்கணக்கில் தங்குவார்கள். அந்த வாயு வாட்சுக்குள் புகுந்துவிடும். அழுத்தத்தைக் குறைக்கும்போது வெளியேற வழியில்லாவிட்டால் கண்ணாடியையே தள்ளிவிடும். அலுவலகத்தில் ஏசிக்குக் கீழே உட்காருபவருக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

ஆழத்தில் இறங்கும் அந்த வேலையையே செய்யும் தூத்துக்குடிக்காரர் ஒருவர், வால்வு வைத்த வாட்சைப் புதிதாக வாங்கி, அளவு சரிசெய்ய என்னிடம் வந்தார். இதற்கு உண்மையிலேயே வேலை கொடுக்கப்போகிறவர் இவர்தான் என்று நினைத்து, அடுத்த முறை இறங்கும்போது கட்டுவீர்களா என்றேன்.

"என்ன அண்ணே, தண்ணீருக்குள் இதைக் கட்டினால் யார் பார்ப்பார்கள்?" என்று சிரித்தார். "ஊரில் என் சம்பளம் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்று சொன்னால் ஒருவருக்கும் புரிவதில்லை. இனி இந்த வால்வைக் காட்டி ஆரம்பிப்பேன்."

இரண்டு கண்ணிகளைக் கழற்றச் சொன்னார். அடுத்த வாரம் தங்கைக்குக் கல்யாணமாம்.