நதிக்கு நடுவில் ஓர் அகரம்

ஜூலை 7, 2025, திங்கள்

ஹைடெக் லேப்பில் எட்டாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியடு கேட்டு வாங்கியாயிற்று. "தமிழுக்கு எதுக்குங்க டீச்சர் லேப்பு?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். போன வருடம் செய்யுளுக்குப் பாட்டு வீடியோ போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் ஆசையாகப் பார்த்தார்கள். ஆனால் சொந்தமாக ஒரு வரி எழுத வரவில்லை. இந்த முறை திரையில் வருவதை அவர்களே செய்யட்டும்.

வேலை இதுதான். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் சம்மதத்தோடு ஒரு நிமிடம் போனில் பதிவு செய்ய வேண்டும். அதைக் கேட்டு எழுத வேண்டும். அதில் வருகிற நம்ம கொங்குப் பக்கத்துச் சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுத வேண்டும். எல்லாம் சேர்ந்தால் குரலோடு கூடிய ஓர் ஊர்ச்சொல் அகராதி.

ஜூலை 10, வியாழன்

பதிவுக்கு முன்னால் தட்டச்சு பழக வேண்டும். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவைக்கும் முறை வேண்டாம், தமிழ்99 போதும் என்று முடிவு செய்தேன். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம்.

முதல் வரிசையில் ஒரு பெண் "டீச்சர், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்க" என்றாள். 'நதி' என்று அடித்தால் 'ந்தி' என்று வருகிறதாம். கெடவில்லை. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினால் புள்ளி தானாக விழும்படி தமிழ்99இல் விதி வைத்திருக்கிறார்கள். ங-வுக்குக் க, ஞ-வுக்குச் ச, ண-வுக்கு ட, ந-வுக்குத் த, ம-வுக்குப் ப, ன-வுக்கு ற. இதைச் சொல்லாமல், ந-வுக்கும் மற்ற எழுத்துகளுக்கும் பின்னால் வேறு வேறு எழுத்து போட்டுப் பாருங்கள் என்று விட்டேன். பத்து நிமிடத்தில் ஆறு ஜோடியையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பில் 'இன எழுத்துகள்' என்று மனப்பாடம் செய்ததுதான். "ஏனுங் டீச்சர், இது அந்தப் பாடமுங்களா?" என்று ஒருவன் கேட்டபோது எனக்கு மேனி சிலிர்த்தது.

'நதி' எப்படி அடிப்பது? ந-வுக்கும் த-வுக்கும் நடுவே அ-வைத் தட்ட வேண்டும். திரையில் அந்த அ தெரியாது, ஆனால் தட்டாவிட்டால் ந நிற்காது. உயிர்மெய்க்குள் அகரம் ஒளிந்திருக்கிறது என்று பதினேழு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தப் பெண் இன்று அதை விரலால் தொட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

கல்வி வளர்ச்சி நாள். காமராசர் பேச்சுப்போட்டியில் பகல் போய்விட்டது. லேப் இல்லை. முப்பத்து நாலு பேரில் பன்னிரண்டு பேர் வீட்டுப் போனிலிருந்து பதிவு அனுப்பியிருக்கிறார்கள். சில வீட்டில் ஒரே போன்; அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு என் போன்.

ஜூலை 19, சனி

போன் இல்லாத நாலு பேரையும் வீட்டில் சொல்லிவிட்டுச் சீனாபுரம் சந்தைக்குக் கூட்டிப் போனேன். சனிக்கிழமை மாட்டுச் சந்தை. ஒரு பெரியவர் எங்களைக் கண்டதும், "வாங்க டீச்சரம்மா, ஒறம்பரை வந்த மாதிரி நிக்கறீங்க, உக்காருங்க" என்றார். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி. பதிவில் முதல் சொல்லே கிடைத்துவிட்டது.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இந்தச் சீனாபுரத்துக்காரர் என்பது எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லி வருவது. திரும்பி வரும்போது பிள்ளைகளிடம் சொன்னேன். "அவரும் 'ஏனுங்'னுதான் பேசியிருப்பாருங்களா?" என்றான் ஒருவன். அவர் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர். அன்றைய பேச்சைப் பதிந்து வைக்க யாரிடமும் போன் இல்லை கண்ணு என்றேன்.

ஜூலை 24, வியாழன்

ஒரு நிமிடப் பேச்சை எழுத ஒரு பீரியடு பத்தவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வரியை ஐந்தாறு தடவை திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். எங்கே நிறுத்துவது, எங்கே காற்புள்ளி, பேச்சில் 'உழுந்துருச்சு' என்பதை அப்படியே எழுதுவதா, 'விழுந்துவிட்டது' என்று மாற்றுவதா? பேசியபடி ஒரு வரி, எழுத்து வழக்கில் அடுத்த வரி என்று முடிவானது. பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்று பத்து நாள் பாடம் நடத்தினாலும் இத்தனை கேள்வி வந்திருக்காது.

ஒரு பையன் தன் அப்பாருவின் பதிவை இப்படி எழுதியிருந்தான்: 'தாத்தா கிணற்று மேட்டில் கவலையோடு இருந்தபோது வடம் அறுந்து போனது.' பதிவை நானும் கேட்டேன். பெரியவர் சொன்னது "கவலை ஓட்டிட்டு இருந்தப்ப". "ஓட்டறதுன்னா என்னன்னு அப்பாருகிட்டயே கேட்டுட்டு வா சாமி" என்று அனுப்பினேன்.

ஜூலை 25, வெள்ளி

அந்தப் பையன் காலை பிரேயருக்கு முன்னாலேயே வந்து நின்றான். 'கவலை: மாட்டைக் கட்டித் தண்ணீர் இறைப்பது' என்று எழுதி வந்திருந்தான். மாட்டை எங்கே கட்டுவார்கள், மாடு எந்தப் பக்கம் போகும், தண்ணீர் எதில் வரும் என்று கேட்டேன். மறுபடி எழுதினான். அதை இங்கே அப்படியே தருகிறேன்:

'கவலை: மோட்டார் வருவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரை இறைத்த முறை. இரண்டு எருதுகளைப் பூட்டி, வடக்கயிற்றில் தண்ணீர் மொள்ளும் சாலைக் கட்டுவார்கள். எருதுகள் சரிவில் இறங்கிப் போனால் சால் மேலே வரும். பின்னால் வந்தால் சால் கிணற்றுக்குள் போகும். தெற்கே இதைக் கமலை என்பார்கள்.'

கடைசி வரி மட்டும் நான் சொன்னது. மற்றதெல்லாம் அவன் கேட்டுக் கேட்டு எழுதியது. கட்டுரைக்குப் பத்துக்கு மூன்று வாங்குகிற பையன். இதற்கு எத்தனை போடுவது என்று எனக்குப் புரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப்பதினெட்டு. நோம்பிக்குப் பவானி கூடுதுறை போனவர்கள் பாதிப் பேர் இன்றைக்கு வகுப்பில் தூங்கி விழுந்தார்கள்.

வேலையைச் சுருக்கலாம் என்று குரலைக் கேட்டுத் தானாக எழுதும் வசதியைப் போட்டுப் பார்த்தோம். செய்தி வாசிப்பது போலப் பேசினால் நன்றாகவே எழுதுகிறது. வீட்டுப் பின்பக்கத்தைச் சொல்லும் 'பொடக்காளி' என்றதும் இரண்டாக வெட்டி ஏதோ ஒரு காளியம்மனை எழுதியது. 'இட்டேரி'யையும் பிடிக்கவில்லை. வேலி இரண்டு பக்கமும் இருக்க, நடுவே மாடு போகும் வழி அதற்குத் தெரியாது. "நம்ம பேச்சு அதுக்குப் புரியாதுங்களா?" என்று ஒரு பெண் வருத்தமாகக் கேட்டாள். கேட்ட பேச்சைத்தான் அது எழுதும். நாம் பதிந்து வைத்தால்தானே யாராவது சொல்லிக்கொடுக்க முடியும் என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

புழக்கடைதான் பொடக்காளி ஆகியிருக்குமா என்று ஒரு குழு கேட்டது. கோயம்புத்தூர் கோவையானது போல மரூஉவாக இருக்கலாம். சான்று கையில் இல்லாததால் அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நூற்றுப் பதினெட்டுச் சொற்கள் சேர்ந்துவிட்டன. க்யூஆர் கோடு ஒட்டுவதற்கு வராந்தாச் சுவரில் இடம் பார்த்தாயிற்று.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் இதுவரை பதிவே தரவில்லை. அப்பா சிப்காட்டில் வேலை, சொந்த ஊர் ஒடிசா. இவன் ரெண்டாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படிக்கிறான். எங்களை விட நன்றாகவே கொங்குத் தமிழ் பேசுவான். இன்று மெல்ல வந்து, "டீச்சர், எங்க பாட்டி ஊர்லதாங்க இருக்காங்க. போன்ல பேசுனதைப் பதிஞ்சேன், சேத்துக்குவீங்களா?" என்றான். நான் இவனை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

நம் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் பாட்டியிடம் கேட்டிருக்கிறான். ஒறம்பரைக்கு அவர்கள் சொல் 'குணியா'. பக்கத்திலிருந்தவள் 'குனியா' என்று தட்டினாள். "அது ரெண்டுசுழி இல்லே, மூணுசுழி. பாட்டி நாக்கை மடிச்சுச் சொல்றாங்க, நல்லாக் கேளு" என்று ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தான்.