ஜூன் மாதம், சிதறால் பக்கம்

ஜூன் 2

இன்றும் மஸ்கட்டிலிருந்து அண்ணனின் ஃபோன் கால் வரவில்லை. மழையும் வரவில்லை.

ஜூன் 3

மத்தியானம் சாப்பிட்ட கையோடு சிதறால் மலைக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டில் இருந்தால் அம்மா என் முகத்தையும், நான் ஃபோனையும், அண்ணன் பெண்டாட்டி மைனி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மஸ்கட் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் முடியும்வரை அங்கே பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்று சட்டம். அப்படியென்றால் நம்ம இரண்டு மணிக்கு மேல் அண்ணன் சும்மாதான் இருக்கணும். சும்மா இருக்கிறவனுக்கு ஒரு ஐமோ கால் போட என்ன கேடு? "வேலையே கொடுக்கலேன்னா இடைவேளை எங்க இருந்து வரும்?" என்றாள் மைனி. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ரப்பர் தோட்டத்துக்குள் வெயில் தெரியவே இல்லை, கொசுதான். விடியலிலேயே பால்வெட்டு முடிந்து பாலும் எடுத்துப் போயிருந்தார்கள். அப்புறம் சொட்டின கொஞ்சம் பால் சிரட்டையின் அடியில் தயிர் மாதிரி உறைந்து கிடந்தது, அதில் ஒரு கட்டெறும்பு சிக்கி இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. வெட்டின சாலில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை முனையில் பிடித்து இழுத்தேன், நாடாவாகக் கழன்று வந்தது. இதை உருட்டி உருட்டித்தான் நாங்கள் பந்து செய்வோம், அண்ணன் பந்து எப்போதும் பெரிசு. மரத்துக்கெல்லாம் இன்னும் மழைக்குப் பிளாஸ்டிக் கட்டவில்லை. போன வருசம் அவன்தான் கூட நின்று கட்டினான். கட்டாவிட்டால் மழை நாளில் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கையில் ஒன்றும் இல்லை.

பாதி ஏற்றத்தில் திரும்பிவிட்டேன். சிக்னல் ஒரு கட்டைதான் இருந்தது.

ஜூன் 4

வட்டி கட்டச் சொல்லி பேங்கிலிருந்து மெசேஜ். அம்மாவிடம் காட்டவில்லை.

ஜூன் 6

இன்று உச்சி வரை போனேன்.

கல் பாவிய பாதை, இரண்டு பக்கமும் கொல்லாமரம், முந்திரிதான். சீசன் முடிந்து அழுகிக் கிடக்கிற பழத்தின் கள்ளு வாடை மூக்கைத் துளைத்தது. மேலே போகப்போக மரம் குறைந்து கரும்பாறைதான், மூன்று மணி வெயிலில் செருப்பைத் தாண்டிச் சுட்டது. இரண்டு பாறைக்கு நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடுக்கு. தாண்டினால் பாறை முகப்பில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், பாம்புக் குடையின் கீழ் பார்சுவநாதர், சிங்கமும் இரண்டு பிள்ளைகளுமாக அம்பிகை என்கிற சமணப் பெண் தெய்வம். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு வந்தபோது இவளைப் பகவதி என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறேன். தப்பொன்றும் இல்லை, பிற்காலத்தில் இந்த இடமே பகவதி கோயிலாகத்தானே ஆனது. பக்கத்துப் பாறையில் இதயம் கீறிப் பெயர் எழுதியிருக்கிற காதலர்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்களுக்கெல்லாம் கல்யாணமாகி சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும்.

இந்த மலையில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆயிரம் வருசத்துக்கு மேல் பழசு. குணந்தாங்கிக் குரத்திகள் என்கிற சமணப் பெண் துறவி, திருச்சாரணத்து மலைப் படாரியார் என்கிற பெண் தெய்வத்துக்குப் பொன் அணிகலன் கொடுத்த செய்தி. துறவி கையில் பொன் எப்படி வந்தது, யார் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எப்படியோ வந்திருக்கட்டும், கொடுத்ததற்குக் கல்லிலேயே ரசீது இருக்கிறது. மைனியின் ஆரத்தை அடகு வைத்து எண்ணிக் கொடுத்த பணத்துக்கு, அண்ணனை மஸ்கட்டுக்கு அனுப்பின ஏஜென்ட் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. "நம்ம பிள்ளைதானே, எழுத்தெல்லாம் எதுக்கு?" என்று சிரித்தான். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்தோம், அதுதான் எரிகிறது.

உச்சியில் சிக்னல் முழுசாக இருந்தது. கீழே தென்னையும் ரப்பருமாகப் பச்சை, நடுவில் குழித்துறை ஆறு, அந்தப் பக்கம் மலைத்தொடர் மேகத்துக்குள். நாலரை வரை இருந்தேன். வந்ததெல்லாம் ரீசார்ஜ் மெசேஜ்.

ஜூன் 7

பவுன் விலை ஏறியிருக்கிறதென்று அம்மா பேப்பரைப் பார்த்துச் சொன்னாள். யாருக்கு?

ஜூன் 9

இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. ராத்திரி பூராவும் ஓட்டு மேல் இரைச்சல். "மக்களே, இந்த மழையில பாறைப் பக்கம் போகாத, பாசி வழுக்கும்" என்றாள் அம்மா. போகவில்லை. தோட்டத்தில் பிளாஸ்டிக் கட்ட ஆளும் வரவில்லை, இருக்கிற ஆளெல்லாம் பெரிய எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்களாம். நானும் மைனியும் கொஞ்சம் மரத்துக்குக் கட்டிப் பார்த்தோம். அவள் கட்டினது நின்றது, நான் கட்டினது அவிழ்ந்துவிட்டது. கை பூராவும் தார். மைனி இன்று ஒரு தடவை சிரித்தாள்.

ஜூன் 11

ஒன்றேமுக்காலுக்கு அடித்தது. அண்ணன் இல்லை, அவன் ரூமில் இருந்த தூத்துக்குடிக்காரர். அவனை வேறு கேம்புக்கு மாற்றிவிட்டார்களாம், ஃபோன் அவன் கையில் இல்லையாம், பாஸ்போர்ட் முதலிலிருந்தே இல்லையாம். "நல்லாத்தான் இருக்கான் தங்கச்சி, பயப்படாதீங்க" என்றார். பயப்படாதே என்று சொல்ல ஒருத்தர் மெனக்கெட்டு ஃபோன் போடுவாரா? சாப்பிடுகிறானா என்று கேட்டேன். கேட்க வேண்டியது வேறு எவ்வளவோ இருந்தது.

ஜூன் 12

அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்று மைனியின் மாமா சொன்னார், எம்பசிக்கும் ஒரு மெயில் போடச் சொன்னார். பாஸ்போர்ட் நகல் அலமாரியில் கிடைத்துவிட்டது. விசா நகல் அவன் வாட்ஸாப்பில் அனுப்பினது, மைனியின் பழைய ஃபோனில் இருக்கும், அதில் சார்ஜ் நிற்காது. ஃபோட்டோ இரண்டு காப்பி வேண்டும். கல்யாண ஆல்பத்தில்தான் நல்லதாக ஒன்று இருக்கிறது, அதில் மைனியும் நிற்கிறாள், ஸ்டூடியோவில் வெட்டித் தருவார்களா என்று