கஜாவுக்குப் பிறகு ஒரு ஹாம் ரேடியோ நிலையம்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டதால், தப்பி நின்ற செல்போன் டவர்களும் பேட்டரி தீர்ந்து அடங்கிவிட்டன. அங்கே ஒரு பள்ளிக்கூட முகாமில் நண்பர்களோடு ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிய ஆர்வலர்கள் செல்போன் டவர் இல்லாமலே நேரடியாகப் பேசிக்கொள்ளும் வானொலி) நிலையம் போட்ட அனுபவம் இது.

கையில் பிடிக்கிற ஐந்து வாட் செட் பக்கத்து முகாமோடு பேசத்தான் ஆகும். சென்னையைப் பிடிக்க 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது சுமார் 40 மீட்டர் அலைநீளமுள்ள சிற்றலை வரிசைக்குப் போக வேண்டும். அதற்கு 20 மீட்டர் நீளக் கம்பியை ஏரியலாகக் கட்டணும். வழக்கமாகத் தென்னையில் கட்டுவோம். அங்கே நிமிர்ந்து நின்ற தென்னையே இல்லை. சரி என்று மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டினோம். தாழ்வாக இருந்தது நல்லதாகவே போயிற்று. தாழக் கட்டிய கம்பி அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும். வானில் வெகு உயரத்தில் மின்னேறிக் கிடக்கும் காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு மழை மாதிரி இறங்கும். சென்னை நண்பரின் குரல் தெளிவாகவே வந்தது.

மின்சாரத்துக்கு ஊர்க்காரர் ஒருவர் டிராக்டர் பேட்டரியைக் கழற்றித் தந்தார். கேட்டுக்கொண்டிருக்கும்போது செட் அதிகம் இழுக்காது, பேசும்போதுதான் குடிக்கும். அதனால் பவரைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்.

உண்மையில் மெனக்கெட வைத்தது செய்திகளை எழுதி வாங்குவதுதான். பெயர், ஊர், யாருக்கு, அவர் போன் நம்பர், இரண்டு வரி செய்தி. அவ்வளவுதான் சீட்டில் இடம். சென்னையில் உள்ளவர் அந்த நம்பருக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டுவார். வீடு, தோப்பு, ஆடு மாடு என்று எல்லாவற்றையும் சொல்லத்தான் எல்லாருக்கும் ஆசை. திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குச் சீட்டு எழுத வந்த ஒரு அம்மா மட்டும், "மாடு செத்ததை எழுதாதீங்க தம்பி, வேலைய விட்டுட்டு ஓடியாந்துடுவான். நான் நல்லாருக்கேன்னு மட்டும் போடுங்க" என்றார். அப்படியே அனுப்பினோம்.

நம்பரை மட்டும் இலக்கம் இலக்கமாக இருமுறை சொல்லி, எதிர்முனை திருப்பிச் சொல்லிய பிறகே அடுத்த சீட்டு. ஒரு இலக்கம் பிசகினால் செய்தி யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்விடும். பொழுது சாய்ந்ததும் அந்த பேண்டில் சென்னை மங்கிவிடும், தூர தேசத்துக் குரல்கள் ஏறிவரும். அதனால் உறவினர்களுக்கான சீட்டுகளை மதியத்துக்குள் முடித்துவிட்டு, அரிசி, தார்ப்பாய், மருந்து கேட்டு அதிகாரிகள் தந்த பட்டியலை மாலைக்குள் படித்துவிடுவோம். அப்புறம் பேட்டரியை டிராக்டருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம், அது ஓடினால்தான் சார்ஜ் ஏறும்.