காசு கொடுப்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர்

ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நாள். அதில் தொடங்கி பிப்ரவரி கடைசி வரைக்கும் எங்கள் ஆபீஸில் யாரும் லீவு கேட்பதில்லை. அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்மணி ஒருவர் நடத்தும் சின்னப் பேச்சாளர் ஏஜென்சி அது. மேடைக்கு ஆள் பிடிப்பதும் பேரம் பேசுவதும் முதலாளியம்மா. ஒப்பந்தம், பில், விமான டிக்கெட், வரிப் படிவம் எல்லாம் என் மேஜைக்கு வரும். எங்கள் பேச்சாளர்களும் கறுப்பினத்தவர், கேட்க வருகிறவர்களும் பெரும்பாலும் கறுப்பினத்தவர். பேராசிரியர், ஓய்வுபெற்ற நீதிபதி, போதகர், கம்பெனி நொடித்துப்போய் மறுபடி தலையெடுத்தவர் என்று எல்லா ரகமும் பட்டியலில் உண்டு.

கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926-இல் ஒரு வாரமாகத் தொடங்கிவைத்த கறுப்பின வரலாற்று நினைவு, 1976-இல் பிப்ரவரி முழுவதுமாக விரிந்தது. ஏஜென்சிக்காரர்களின் வாடகையும் சம்பளமும் அந்த ஒரு மாதத்தை நம்பி இருக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். பிப்ரவரியில் ஒரே பேச்சாளரை ஒரே தேதிக்கு நாலு ஊரில் கேட்பார்கள். ஆகஸ்டில் போன் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்க்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குப் பிடிபடாதது விலைதான். அதே ஆள், ஏறக்குறைய அதே பேச்சு. ஓரிடத்தில் 10,000 டாலர், இன்னோரிடத்தில் 500. ஆள் பார்த்து விலை சொல்கிறார்களோ என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் புரிந்தது. சர்ச்சிலும், என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமைச் சங்கத்தின் கிளை நடத்தும் வருடாந்திர விருந்திலும், கல்லூரிக் காலத்தில் சேர்ந்து கிழவியாகும் வரை தொடரும் மகளிர் சங்கக் கூட்டங்களிலும், உட்கார்ந்து கேட்கிறவரே பணம் போடுகிறார். கம்பெனியில் அப்படி இல்லை. கேட்பது கறுப்பின ஊழியர்கள். செக்கில் கையெழுத்துப் போடுவது மனிதவளத் துறை. இந்தத் தொழிலின் நல்லது கெட்டது அத்தனையும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

கம்பெனி என்றால் பேச்சுக்கு முன்பே ஒரு வீடியோ கூட்டம் உண்டு. மனிதவளத்தில் இரண்டு பேர், சில சமயம் சட்டத் துறையிலிருந்து ஒருவர். பேச்சின் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, ‘அடிமை முறை பற்றிய பகுதியைக் கொஞ்சம் சுருக்கலாமா, நம்பிக்கையோடு முடிக்கலாமா’ என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கேட்கப்போகிறவர்களில் ஒருவரையும் அழைத்து நான் பார்த்ததில்லை.

சர்ச்சில் யாரும் சுருக்கம் கேட்பதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து பேச்சாளர் எழுந்தால் நாற்பது நிமிடப் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு நீளும், ஏனென்றால் பாதிப் பேச்சு சபையினுடையது. அவர் மூச்சு விடும் இடைவெளியில் ஆர்கன்காரர் இரண்டு கட்டையைத் தட்டுவார். முன்வரிசைத் தொப்பி வைத்த அம்மா ‘அப்படிப் போடு’ என்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பார். பேச்சு எடுபடவில்லை என்றால் அதையும் ‘கர்த்தாவே, இவருக்கு உதவி செய்யும்’ என்று காதில் விழும்படியே சொல்லிவிடுவார்கள். அப்புறம் அன்பின் காணிக்கை. வாளி சுற்றி வரும். பின்னறையில் சபை மூப்பர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, கசங்கிய ஐந்து டாலர் நோட்டுகளை நீவி அடுக்கி, எண்ணி, சீட்டில் தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட்டு உறையில் வைத்துக் கொடுப்பார்கள், அன்றைக்கே. பெரிய கம்பெனியின் பணம் வர அறுபது நாள், தொண்ணூறு நாள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் முதலில் அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும், பிறகு கொள்முதல் ஆணை, பிறகு காத்திருப்பு. அதுவரை டிக்கெட் செலவு பேச்சாளரின் கிரெடிட் கார்டில் கிடக்கும்.

ஏஜென்சி கமிஷன் பொதுவாக நூற்றுக்கு 20 முதல் 30 வரை. 500 டாலரில் அது என் மதியச் சாப்பாட்டுக்குக் காணும், அவ்வளவுதான். பிறகு ஏன் இந்தச் சின்ன அழைப்புகளை எடுக்கிறோம் என்று முதலாளியம்மாவிடம் கேட்டிருக்கிறேன். “நம்மைக் கம்பெனிக்குக் கூப்பிடுகிற பெண் எங்கே நம் ஆளை முதலில் கேட்டாள் என்று விசாரித்துப் பார்” என்றார். விசாரித்தேன். பாட்டியோடு போன சர்ச், மகளிர் சங்கத்தின் மாநில மாநாடு, கறுப்பினப் பொறியாளர் சங்கத்தின் வசந்தகாலக் கூட்டம். பெரிய செக்குகள் எல்லாம் அந்த 500 டாலர் மேடைகளில் முளைத்தவை. பிப்ரவரி கம்பெனிப் பணம், அக்டோபரில் சர்ச்சுக்குப் போகும் டிக்கெட்டாக மாறும்.

சமூகத்துக்காகப் பேசுகிறவர் காசு வாங்கலாமா என்ற முணுமுணுப்பு எப்போதும் உண்டு. அடிமையாக இருந்து விடுதலை பெற்று, அடிமை முறைக்கு எதிராக மேடையேறிய சோஜர்னர் ட்ரூத் தன் படம் போட்ட அட்டைகளைக் கூட்டங்களில் விற்றுத்தான் காலம் தள்ளினார். 1864-இல் அச்சான அட்டையில் ‘மெய்யைக் காக்க நிழலை விற்கிறேன்’ என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தது. இன்றைக்கு எங்கள் பேச்சாளர்கள் மண்டபத்தின் பின்பக்கம் மேஜை போட்டுப் புத்தகம் விற்பது அதன் பேரப்பிள்ளை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1841-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் சம்பளப் பேச்சாளராகத் தொடங்கினார். உள்நாட்டுப் போரோடு அடிமை முறை ஒழிந்து அந்த வேலையும் முடிந்தபோது, ஒரு விரிவுரைக்கு 100, 200 டாலர் தருவதாகக் கல்லூரிகளும் சங்கங்களும் அழைத்தன. அவரே எழுதியிருக்கிறார்: படித்து உழைத்துத் தயாரித்த, மனித இனங்கள் பற்றிய விரிவுரைக்கு அழைப்பு அரிது, தன்முயற்சியால் உயர்ந்தவர்கள் பற்றிய விரிவுரைக்குத்தான் கிராக்கி. எங்கள் பட்டியலிலும் அதே கதை. வீட்டுக் கடன் மறுக்கப்பட்ட வட்டாரங்களைப் பற்றி வருடக்கணக்கில் ஆராய்ந்த பேராசிரியருக்கு அழைப்பு அரிது. ‘விழுந்து எழுவது எப்படி’ என்று பேசுகிறவரிடம் காலித் தேதியே இல்லை. சரி, இரண்டையும் ஒரே பேச்சில் கலந்து கொடுக்கக் கற்றுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள்.

2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்டார். ஜூனில் எங்கள் போன் நிற்கவே இல்லை. எங்களை அதுவரை கேள்விப்பட்டே இராத கம்பெனிகள், நாளைக்கே ஆள் வேண்டும், தொகை சொல்லுங்கள் என்றன. கொரோனா காலம், எல்லாம் ஜூமில். எல்லாருடைய மைக்கும் அணைக்கப்பட்டிருக்கும், பாதிப் பேர் கேமராவும் அணைத்திருப்பார்கள். சர்ச்சில் வளர்ந்த ஒரு பேச்சாளர் பாதியில் நிறுத்தி, “லைன் இருக்கிறதா?” என்று எனக்குச் செய்தி அனுப்பினார். இருந்தது. முந்நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையிலேயே அதிகம் சம்பாதித்த வருடம் அது என்று பின்னாளில் சொன்னார், அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இல்லை.

வந்த வேகத்திலேயே போனது. 2023 ஜூனில் கல்லூரிச் சேர்க்கையில் இன அடிப்படையைக் கணக்கில் எடுப்பதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. கம்பெனி வக்கீல்கள் அப்போதே உஷாரானார்கள். 2025 ஜனவரியில் எல்லா இனத்தவருக்கும் இடம் தரும் பன்மைத்துவத் திட்டங்களுக்கு எதிராக டிரம்ப்பின் ஆணைகள் வந்ததும், எங்களுக்கு ஒத்திவைப்புக் கடிதங்கள் வரிசைகட்டின. ரத்து என்று யாரும் எழுதுவதில்லை, ‘தேதியை மறுபரிசீலனை செய்கிறோம்’. சிலர் தலைப்பை மட்டும் மாற்றி ‘தலைமைப் பண்பு’ என்று அதே ஆளை அழைத்தார்கள். இப்போது ஒப்பந்தத்தில் பாதித் தொகை முன்பணம், எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரமாட்டோம் என்று தடித்த எழுத்தில் போடுகிறோம்.

அடி விழுந்தது கடைசியில் சர்ச்சுகளுக்கு. பிப்ரவரிப் பணம் இல்லாமல் அக்டோபர் டிக்கெட்டை யார் எடுப்பது? அலபாமாவின் ஒரு சிற்றூர்ப் போதகரிடம் இதைச் சொல்ல வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து ஊர்ச் சபைகள் மூன்றையும் சேர்த்துக்கொண்டு ஒரே வார இறுதியில் நாலு இடம் வைத்தால் போகவர காரிலேயே ஆகிவிடும், தங்க மூப்பர் வீடு இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, காணிக்கை நாலு வாளி. “உங்க கமிஷன் எவ்வளவும்மா?” என்று கேட்டார். சொன்னேன். “பதினைந்தாகக் குறைக்கச் சொல்லுங்கள்” என்றார். முதலாளியம்மா பதினெட்டில் முடித்தார்.